நடு நடைமேடையின் சாவி

அந்த ஜங்ஷன் வரப்போகிறது என்பதை ரயிலில் தூங்கிக்கொண்டிருப்பவர்களுக்குக்கூட மூக்கு சொல்லிவிடும். இரண்டு புறநகர்ப் பாதைகள் அங்கே கூடுகின்றன. காலையில் ஒரு ரயிலிலிருந்து இறங்கும் கூட்டம் படியேறி, மேம்பாலத்தில் முட்டி மோதி, அடுத்த ரயிலைப் பிடிக்க ஓடும். ஓடுகிற ஓட்டத்திலும் துப்புவதற்கு மட்டும் எல்லோருக்கும் நேரம் கிடைத்துவிடும். தூண்களின் அடிப்பக்கமெல்லாம் புகையிலைச் சாறு காய்ந்து துருப்பிடித்ததுபோல் இருக்கும். படிக்கட்டு திரும்பும் மூலையில் ஆண்கள் சுவரைப் பார்த்து நின்றுவிட்டுப் போன ஈரம் எந்தக் கோடையிலும் காய்ந்ததில்லை.

மேம்பாலத்தின் முனையில் மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த சின்ன அறை ஒன்று உண்டு. அறிவிப்பு அறை. அதில் உட்கார்ந்திருப்பவளை ஸ்டேஷனில் எல்லோரும் 'மைக் அக்கா' என்பார்கள். வழக்கமான ரயில்களுக்கு இயந்திரத்தில் பதிந்த குரல் பேசிவிடும். ரயில் தாமதம், நடைமேடை மாற்றம், காணாமல்போன குழந்தை என்று கோணலாக ஏதாவது நடந்தால்தான் அவள் வாயைத் திறக்க வேண்டும். அதனால் அவள் குரலைக் கேட்டாலே கீழே நிற்கிற ஜனம் "ஆரம்பிச்சுட்டாய்யா" என்று சபிக்கும். அவளுக்கு அது பழகிவிட்டது. பழகாதது நாற்றம்தான். பையில் எப்போதும் ஒரு எலுமிச்சம்பழம் வைத்திருப்பாள். அறைக்குள் வந்து கதவைச் சாத்தியதும் நகத்தால் அதைக் கீறி முகர்ந்த பிறகே நாற்காலியில் உட்காருவாள்.

அவளுக்கு ஒரே அண்ணன். தையல்காரர். அவளையே தூக்கிச் சாப்பிடுகிற சுத்தக்காரர். கடைக்கு வருகிறவர்கள் வெட்டுப்பலகையில் கை ஊன்றினால்கூட, அவர்கள் போனதும் துடைப்பார். தான் தைத்த வெள்ளைச் சட்டையைத் தானே தேய்த்து, காலர் கத்திபோல் நிற்க, பொத்தானை மேல்வரைக்கும் போட்டுக்கொண்டுதான் தெருவில் இறங்குவார். "உங்க அண்ணன் குளிக்கிற தண்ணியைக்கூட ஒரு தடவை குளிப்பாட்டிட்டுத்தான் குளிப்பார்" என்று அண்ணி சிரிப்பாள்.

அப்படிப்பட்டவருக்குத்தான் குடலில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து உயிர் பிழைத்தார். ஆனால் வயிறு அவர் சொல்பேச்சுக் கேட்பதை நிறுத்திவிட்டது. வந்தால் வந்ததுதான், ஒரு நிமிஷம் பொறுக்காது. போகப்போகச் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதுவரைக்கும் வாசலைத் தாண்டுவதில்லை என்று அண்ணன் இருந்துவிட்டார். மறுபரிசோதனைக்கு நாள் வந்தபோது முடியாது என்று சாதித்தார்.

"வழியில வந்துட்டா என்ன பண்றது பாப்பா? நாலு பேர் நடுவுல நான் நின்னேன்னா அப்புறம் உயிரோட இருந்து என்ன பிரயோஜனம்?"

"அண்ணே, எங்க ஸ்டேஷன்ல நடு பிளாட்ஃபார்ம்ல புதுசா டாய்லெட் கட்டியிருக்காங்க. கண்ணாடி மாதிரி இருக்கு. நீ இறங்குற இடத்துக்கு எதிர்லயே. போயிட்டு நிதானமா அடுத்த ரயில் ஏறு. மேல நான்தான இருக்கேன்?"

அவள் சொன்னது பொய்யில்லை. கழிப்பறை புதிதுதான். வெள்ளை ஓடுகள், பளபளக்கும் குழாய்கள், வாசலில் இரண்டு பூந்தொட்டிகள். ஆனால் அவள் சொன்ன அடுத்த நாளே அதற்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். பெரிய அதிகாரி ஸ்டேஷனைப் பார்வையிட வருகிறாராம். அவர் வந்து பார்த்துவிட்டுப் போகும்வரை ஒரு ஈ உள்ளே போகக்கூடாது என்று நிலைய மேலாளர் உத்தரவு போட்டு, சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. தூண்களில் எச்சில் கறைமேலேயே சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். மூத்திர மூலையில் வாசனைத் தண்ணீர் தெளிக்கச் சொன்னார். இரண்டும் கலந்து வந்த வீச்சத்துக்கு, பழைய நாற்றமே தேவலை என்று ஊழியர்கள் பேசிக்கொண்டார்கள்.

அண்ணன் கிளம்பிய காலையில்தான் அதிகாரியும் வருவதாக இருந்தது. அவள் முன்யோசனையோடு மேலாளர் அறைக்குப் போனாள்.

"சார், எங்க அண்ணன் இன்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் போறார். ஆபரேஷன் ஆனவர். அவசரம்னா அந்த டாய்லெட்டைக் கொஞ்சம் திறந்து விடணும்."

மேலாளர் கண்ணாடியில் டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். "இதென்ன மேடம், நம்ம வீட்டு ஆளு. நேரா எங்கிட்ட அனுப்புங்க. நான் பாத்துக்குறேன்" என்று சிரித்தார். அவளுக்கு நெஞ்சில் பால் வார்த்ததுபோல் இருந்தது. அண்ணனுக்குப் போன் போட்டு, "ஏதாவதுன்னா மேலாளர்கிட்ட போய் என் பேரைச் சொல்லு, சொல்லி வச்சிருக்கேன்" என்றாள். பிறகு அறைக்குப் போய், விதிப்படி போனை அணைத்து இழுப்பறையில் வைத்தாள்.

அலுவலக நேரக் கூட்டம் உச்சத்தில் இருந்தது. நடு நடைமேடையில் எள் விழ இடமில்லை. கர்ப்பிணி வந்தாலும், ஊன்றுகோல் வைத்தவர் வந்தாலும் ஓர் அங்குலம் விலகாத கூட்டம் அது. அந்தக் கூட்டத்தின் நடுவே திடீரென்று ஒரு வட்டம் விழுவதைக் கண்ணாடி வழியே அவள் பார்த்தாள். எண்ணெய்மேல் சோப்புத்துளி விழுந்ததுபோல் ஜனங்கள் நாலாபுறமும் விலகினார்கள். மூக்கைப் பொத்தினார்கள். நடுவில் ஒரு ஆள் பூட்டிய கழிப்பறைக் கதவில் முதுகைச் சாய்த்து, முழங்காலை மடித்து உட்கார்ந்திருந்தான். கால்சட்டை நனைந்து, தரையில் ஏதோ வழிந்தது.

"ச்சீ" என்று வாய்விட்டே சொன்னாள். எலுமிச்சம்பழத்தை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள். எவனோ குடிகாரன், காலங்காத்தாலேயே ஆரம்பித்துவிட்டான் என்று நினைத்தாள்.

அந்த ஆள் தலையைத் தூக்கினான். மேல் பொத்தான் வரைக்கும் போட்ட வெள்ளைச் சட்டை. கத்திபோல் நின்ற காலர்.

படிகளில் எப்படி இறங்கினாள், எத்தனை பேரை இடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. வட்டத்தின் விளிம்பில்தான் தடை. உள்ளே போக யாருக்கும் மனமில்லை, விட்டுப் போகவும் மனமில்லை. நின்ற கைகளிலெல்லாம் போன். ஒருவன் மூக்கை ஒரு கையால் பொத்திக்கொண்டு, மறு கையை உயரத் தூக்கிப் படமெடுத்துக்கொண்டிருந்தான். பக்கத்திலிருந்தவள் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "ஐயே, வாந்தி வருது" என்றாள். வாந்தி வருகிறதென்றவள் பார்வையைத் திருப்பவில்லை.

"தள்ளுங்க! எங்க அண்ணன்! தள்ளுங்க!"

காவலர் ஒருவர் தடியின் நுனியால் அண்ணனின் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். "ஏய், எந்திரி. குடிச்சா வீட்ல கிடக்க வேண்டியதுதான?"

அவள் தடியைப் பிடித்துத் தள்ளிவிட்டு அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அண்ணன் அவளைப் பார்க்கவில்லை. இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"கிட்ட வராத பாப்பா. அழுக்காயிடும்."

"மேலாளர்கிட்ட போகலையா அண்ணே? சொல்லி வச்சிருந்தேனே?"

"போனேன். உன் பேரைச் சொன்னேன். சாவி எங்கிட்ட இல்லைன்னுட்டார். இங்க இருக்குற எல்லாருக்கும் யாராச்சும் தங்கச்சி வேலை பாக்குறாங்கன்னார்." குரல் உடைந்தது. "கெஞ்சினேன் பாப்பா. கையெடுத்துக் கும்பிட்டேன். வாட்ச்மேனைக் கூப்பிட்டு வெளியே விடச் சொல்லிட்டார்."

அவளுக்கு வயிற்றைப் புரட்டியது. அண்ணன்மேல் வந்த வாடையால் இல்லை. காலையில் டையைச் சரிசெய்துகொண்டே சிரித்த சிரிப்பு கண்முன் வந்தது. அதற்குத்தான் புரட்டியது.

துப்புரவு வேலை செய்யும் அம்மா வாளியில் தண்ணீரோடு வந்தாள். முகத்தில் ஒரு சுளிப்பு இருக்கத்தான் செய்தது, அதை மறைக்கவும் அவள் மெனக்கெடவில்லை. "கழுவிடலாம் அக்கா, இதெல்லாம் தினமும் பாக்குறதுதான். முதல்ல இவரை உள்ள கொண்டு போனாத்தான் ஆகும். நடுவீதியில எப்படிக் கழுவறது?"

அதற்குள் மேலாளரே வந்துவிட்டார். வட்டத்துக்கு வெளியிலேயே, மூக்கில் கைக்குட்டையோடு நின்றார்.

"சார், சாவியைக் குடுங்க."

"மேடம், நிலைமையைப் புரிஞ்சுக்குங்க. பெரியவர் வண்டி பக்கத்து ஸ்டேஷன் தாண்டியாச்சு. இவரைச் சட்டுனு பார்சல் ஷெட் பின்னாடி கொண்டு போயிடுங்க. பெயிண்ட் அடிக்க வாங்கின தார்ப்பாய் கிடக்கு, அதைப் போட்டு மறைச்சு உட்கார வைங்க. ஒரு அரை மணி நேரம்தான்."

"தார்ப்பாய் போட்டு மூடறதுக்கு இவர் என்ன மூட்டையா? கதவுக்கு முன்னாடிதான் உட்கார்ந்திருக்கார். பூட்டைத் திறங்க சார்."

"திறந்தா உள்ள நாறிடும்."

"இப்ப மட்டும் மணக்குதா?"

சுற்றி நின்றவர்களில் சிலர் சிரித்தார்கள். மேலாளர் முகம் கறுத்தது. ஓரடி கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தி, நல்லது சொல்வதுபோல் சொன்னார்: "இங்க பாருங்க, எல்லாரும் வீடியோ எடுக்குறாங்க. இவர் உங்க அண்ணன்னு வெளியில காட்டிக்காதீங்க. உங்க மரியாதைக்காகத்தான் சொல்றேன். தெரியாத ஆளுன்னு விட்டுடுங்க, ஆளுங்களை வச்சு நான் அப்புறப்படுத்துறேன்."

அவள் எழுந்தாள். அவர் முகத்தில் காறித் துப்பலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அந்த ஸ்டேஷனில் துப்புகிறவர்கள் கணக்கில் தானும் சேர்வதா என்று விழுங்கிக்கொண்டாள். "அஞ்சு நிமிஷம் பாத்துக்கம்மா" என்று துப்புரவு அம்மாவிடம் சொல்லிவிட்டுத் திரும்பவும் படியேறினாள். மேலாளர் அவள் பணிந்துவிட்டாள் என்றே நினைத்தார்.

மைக் போட்டதும் வழக்கமான மணியோசை ஒலித்தது. ஜனங்கள் அண்ணாந்தார்கள். எந்த ரயில் தாமதமோ?

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்றாள். குரல் நடுங்கவில்லை. "நடு நடைமேடையில் உள்ள புதிய கழிப்பறை பயணிகளாகிய உங்களுக்காகக் கட்டப்பட்டது. அது பார்வையிட வரும் அதிகாரிக்காகப் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அதன் சாவி நிலைய மேலாளரின் சட்டைப்பையில் இருக்கிறது. அவர் தற்போது அதே நடைமேடையில், நீல நிற டை அணிந்து நின்றுகொண்டிருக்கிறார். அவசரம் உள்ளவர்கள் அவரை அணுகவும்."

அதையே இன்னொரு முறையும் சொன்னாள். முக்கியமான அறிவிப்பை இருமுறை சொல்ல வேண்டும் என்பது விதி.

முதலில் சிரிப்பு எழுந்தது. பிறகு அத்தனை போன்களும் அண்ணனை விட்டு நீல டையின் பக்கம் திரும்பின. "சாவி எடுய்யா" என்றான் ஒருவன். "நேத்து எம்பொண்ணு துடிச்சுது, அப்ப மட்டும் ரிப்பேர்னீங்க" என்று ஒரு பெண் பாய்ந்தாள். காக்கைக் கூட்டில் கல் விழுந்ததுபோல் ஆகிவிட்டது. அவசரம் இருந்தவர்களும் இல்லாதவர்களும் மேலாளரைச் சூழ்ந்துகொண்டார்கள். டை கழுத்தின் பின்பக்கம் போய்விட்டது. சாவி வெளியே வந்தது.

அவள் கீழே வந்தபோது அண்ணனை உள்ளே கூட்டிப்போய்விட்டிருந்தார்கள். துப்புரவு அம்மா கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு, வெளியில் தட்டியவர்களை "பொறுங்கடா, பொறக்கும்போதே அவசரத்துலதான் பொறந்தீங்களா" என்று விரட்டிக்கொண்டிருந்தாள். பார்சல் தூக்குகிறவர் தன் மாற்றுக் கால்சட்டையைக் கொடுத்தார். அண்ணன் அதை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். உதடு துடித்துக்கொண்டிருந்தது. கால்சட்டையின் மடிப்பைப் பிடித்துப் பார்த்து, "எவன் தச்சான் இதை, கால் ரெண்டும் ரெண்டு அளவு" என்றார். பிறகு அவள் தோளில் முகத்தை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அதிகாரி வந்தார். முதல் நடைமேடையில் இறங்கி, குளிர்சாதன அறையில் பழரசம் குடித்து, மூக்கைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டு அடுத்த வண்டியில் ஏறிப் போனார். நடு நடைமேடைப் பக்கம் அவர் தலைவைத்தும் படுக்கவில்லை.

அண்ணனை ஆட்டோவில் வீட்டில் விட்டுவிட்டு, பையை எடுப்பதற்காக அவள் மாலையில் திரும்பினாள். கழிப்பறை எப்படியிருக்கிறது என்று எட்டிப் பார்த்தாள். பார்க்காமலே போயிருக்கலாம். காலையில் நியாயம் பேசிய அதே கூட்டம்தான் நாள் முழுக்கப் போய் வந்திருந்தது. வெள்ளை ஓடுகளில் சிவப்புச் சாறு கோடு கோடாக வழிந்திருந்தது. குழாய் ஒன்றை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். தொட்டி நிரம்பி வழிந்து வாசல்வரை அழுக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது. பூந்தொட்டிக்குள் ஒரு குழந்தையின் அழுக்கான டயப்பர். கதவின் உள்பக்கத்தில் ஆணியால் கீறி எழுதியிருந்தார்கள். மைக் அக்காவைப் பற்றித்தான். என்ன எழுதியிருந்தது என்பதைத் தன் அண்ணியிடம்கூட அவள் சொன்னதில்லை.

துப்புரவு அம்மா துடைப்பத்தோடு வாசலில் நின்றாள். "திறந்து விட்டீங்களே அக்கா, பாத்தீங்களா?" என்றாள். அந்த அம்மாவுக்குக் கோபம் இவள்மேலா, ஊர்மேலா என்று தெரியவில்லை. இவள் உள்ளே போய் இன்னொரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள். இருவரும் சேர்ந்து கழுவினார்கள். நடுவில் இவள் வெளியே ஓடிப்போய் தண்டவாளத்துப் பக்கம் குனிந்து வாந்தியெடுத்துவிட்டு வந்தாள். கதவில் கீறிய எழுத்து மட்டும் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

மறுநாளே அவளை மைக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். பயணிகள் விட்டுச்சென்ற பொருள்களைக் காக்கும் அறைக்கு மாற்றம். யாரோ மறந்துபோன சாப்பாட்டு டப்பாக்களைத் திறந்து, புழுத்துப்போனதைக் கொட்டுவதுதான் அங்கே பாதி வேலை. மேலாளருக்கு ஒரு சேதாரமும் இல்லை. அதிகாரி வந்த அன்று விடியற்காலையிலேயே கழிப்பறையைப் பளபளவென்று படமெடுத்து மேலே அனுப்பி வைத்திருந்தார். அந்தப் படத்தைப் பார்த்து, சுத்தமான ஸ்டேஷன் என்று கேடயம் கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொண்டு வந்து, அவள் கண்ணில் படும்படி எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார். அவளுக்கும் ஒன்று நீட்டினார். "வயித்துக்கு ஆகாது சார்" என்றாள்.

வீடியோவும் சும்மா இருக்கவில்லை. மேலாளரைச் சூழ்ந்துகொண்ட காட்சியை யாரும் பெரிதாகப் பார்க்கவில்லை. அண்ணன் உட்கார்ந்திருந்த காட்சிதான் வீடு வீடாகப் போயிற்று, கீழே சிரிக்கிற பொம்மைகளோடு. பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் கடைக்கு வந்து, தைக்கக் கொடுத்த மனைவியின் துணியைத் திருப்பிக் கேட்டார். ஏன் என்றதற்கு, "இல்ல, வீட்ல கொஞ்சம் அருவருப்புப் படறாங்க" என்று இழுத்தார். அண்ணி வாசலில் நின்று அவர் பரம்பரையையே இழுத்துத் திட்டினாள். அண்ணன் துணியை மடித்துக் கொடுத்தார். பல நாள் கடையைத் திறக்கவில்லை. அறைக்குள்ளேயே கிடந்தார்.

அவள் தினமும் வேலை முடிந்து நேரே அங்கே போவாள். ஒருநாள் தாங்காமல் சொன்னாள்: "உன்னைக் கெடுத்தது நான்தான் அண்ணே. அந்த ஆள் பேச்சை நம்பி உன்னை அனுப்பினேன். மேலேயிருந்து பாத்தப்போ நீன்னு தெரியாம நானும் ச்சீன்னேன்."

அண்ணன் கூரையைப் பார்த்துப் படுத்தபடியே சொன்னார்.

"ச்சீன்னு சொன்னா என்ன? நானும்தான் சொல்லியிருப்பேன். நாறினா யாரா இருந்தாலும் ச்சீதான். நீ சொல்லிட்டு ஓடி வந்த. அவனுங்க சொல்லிட்டு நின்னானுங்க." எழுந்து உட்கார்ந்தார். "எனக்கு வயித்துல வியாதி பாப்பா. டாக்டர் அறுத்து எடுத்தாச்சு. மிச்சமும் சரியாயிடும்னு சொல்லியிருக்கார். அவனுங்க வியாதியை எங்க அறுக்கறது?"

அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். ஆட்டோவில் போகலாம் என்று அண்ணி கெஞ்சினாள். ரயிலில்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். தோல்பையில் மாற்றுக் கால்சட்டை, துண்டு, சோப்பு. தேய்த்த வெள்ளைச் சட்டை. அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே போனாள்.

ஜங்ஷனில் இறங்கியதும் வழக்கமான வீச்சம் குடலைப் பிடுங்கியது. நடு நடைமேடையில் அடுத்த ரயிலுக்காக நின்றார்கள். கழுத்தில் அலுவலக அட்டை தொங்கிய ஒரு ஆள் அண்ணனை இரண்டு தரம் உற்றுப் பார்த்தான். பிறகு வாய் நிறையச் சிரிப்போடு பக்கத்தில் வந்தான்.

"சார், தப்பா நினைக்காதீங்க. நீங்க அந்த வீடியோல வந்தவர்தான?"

அவளுக்கு இரத்தம் தலைக்கேறியது. வாயைத் திறப்பதற்குள் அண்ணன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் விரல்கள் சில்லென்று இருந்தன.

"ஆமா, நான்தான். எடுத்தது நீங்களா?"

"ஐயோ, இல்ல சார். நான் எடுக்கல. வந்துச்சு. சும்மா நாலு பேருக்கு அனுப்பினேன், அவ்ளோதான்."

"அப்ப உங்க கையிலயும் கொஞ்சம் ஒட்டியிருக்கும்" என்றார் அண்ணன். "கழுவிட்டுச் சாப்பிடுங்க."

அந்த ஆளின் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. உள்ளங்கையைப் பார்த்தான். பிறகு அதைக் கால்சட்டையில் தேய்த்துக்கொண்டே கூட்டத்துக்குள் போய்விட்டான். ரயில் வந்தது. இறங்குகிறவர்களுக்கு வழிவிடாமல் ஏறுகிறவர்கள் முண்டினார்கள். அண்ணன் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். அவள் முழங்கையால் இடித்து வழி உண்டாக்க, இருவரும் அந்த வியர்வை நாற்றத்துக்குள் ஏறினார்கள்.